கோரிக்கை மனு: அரசு மருத்துவமனையில் ஓடாமல் கிடக்கும் டிரெட்மில்லைச் சரிசெய்து தரக் கோருதல்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற நெசவாளி, வயது 73, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்து ஊர்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பார்வை: திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இதே விஷயமாக நான் கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய அய்யா, வணக்கம்.

முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு "தீர்வு காணப்பட்டது" என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதை நம்பி ஆட்டோ வைத்து மனைவியைக் கூட்டிப் போனேன். மிசின் அதே இடத்தில், அதே பழைய போர்வைக்கு அடியில் கிடந்தது. மேலே பதிவேட்டு மூட்டை வேறு. தாங்கள் ஆய்வுக்கு வந்தபோது அந்த அறையைத் தாண்டித்தான் போனீர்கள், பிரசவ வார்டுக்கு அடுத்த கதவு.

1. என் மனைவிக்கு வயது 68. குழித்தறியில் உட்கார்ந்து ஜமுக்காளம் நெய்தவள். பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. முழங்கால் தேய்மானமும் சேர்ந்துகொண்டது.

2. அவளுக்கு அங்கே கொடுத்த டிரெட்மில் பயிற்சி ஜிம்மில் இளவட்டங்கள் ஓடுகிற சமாச்சாரம் இல்லை அய்யா. மணிக்கு 1 கிலோமீட்டர் வேகம்தான். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, கைக்கு எட்டுகிற இடத்தில் நிறுத்தும் பொத்தான். பிசியோதெரபி அம்மா இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்பார். கீழே ஓடுகிற பெல்ட் காலைப் பின்னால் இழுக்கும். இழுத்ததும் கால் தானாக அடுத்த எட்டுக்குத் தூக்கும். முதல் நாள் மூன்று நிமிஷம். ஆறாவது வாரம் பன்னிரண்டு நிமிஷம். ஒருநாள் காலை நான் பால் வாங்கிவிட்டு வருவதற்குள் தனியாகத் திண்ணை வரை வந்து நின்றாள். அடுத்த வாரம் மிசின் நின்றது. மோட்டாரோ பெல்ட்டோ, பார்க்கக்கூட ஆள் வரவில்லை. அதோடு 14 மாதம். இப்போது ராத்திரியில் இரண்டு தடவை நான்தான் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோகிறேன். போன மாதம் இருவரும் சேர்ந்து விழுந்தோம். விடியும் வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். அக்கம்பக்கத்தைக் கூப்பிட அவளுக்கு வெட்கம். எனக்கும்தான். மறுநாள் அவள் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங்க, அந்த மிசினு ஓடுதுங்களான்னு ஒரு எட்டு போய்க் கேட்டுப்போட்டு வாங்க." என்ன சொல்வது அய்யா?

3. "வீதியில் நடக்க வையுங்கள்" என்றார் ஓர் அலுவலர். எங்கள் வீதியில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் இன்னும் மூடவில்லை. நாய்கள் வேறு. நல்ல கால் உள்ளவர்களே பார்த்துத்தான் போகிறார்கள்.

4. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளைகள். ஆனால் டிரெட்மில்லைத் தலையில் வைத்துக் கொண்டுவர முடியுமா?

5. தனியாரிடம் போனால் ஒரு தடவைக்கு 400 ரூபாய், போகவர ஆட்டோ தனி. வாரம் மூன்று நாள். என் ஓய்வூதியத்தைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

6. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், பிரிவு 20, அரசு மருத்துவமனையில் வயதானவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. வரிசை இருக்கிறது. வரிசையில் நின்று போய்ப் பார்த்தால் போர்வை போர்த்திய மிசின்! புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. இருப்பதை ஓட்டிக் காட்டுங்கள் என்கிறேன். மெக்கானிக் கூலி எவ்வளவு ஆகும்? சொன்னால் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து கட்டிவிடுகிறோம். அரசாங்கப் பொருளில் வெளியாள் கை வைக்கக்கூடாது என்கிறார்கள். சரி, உள்ளாள் வைக்கட்டுமே!

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும். அந்த ஒரு மிசினைச் சரிசெய்து தர உத்தரவிடும்படி மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் ஆனால் புண்ணியமாகப் போகும். வாசல் ஈரமானால் அவளை வெளியே கொண்டுவரவே முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

பி.கு.: இந்தத் தடவை குறுஞ்செய்தி வேண்டாங்க. மெக்கானிக்கை அனுப்புங்கள்.