கண்மதிப்பு போதாது: வடசென்னைப் பிரசவ அறைகளுக்கு ஒரு மடல்

வடசென்னை மகப்பேறு மனைகளின் பொறுப்பு மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

பிரசவம் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் 'ரத்த இழப்பு 200 மி.லி.' என்று குத்துமதிப்பாக எழுதுவதை நிறுத்துங்கள். விரிப்பில் ஊறியதும் தரையில் துடைத்ததும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பாதிகூடத் தப்பிவிடும்.

குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்ததும், இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். முன்பே போட்டால் நீரும் சேர்ந்து கணக்கு கெடும். விரிப்பு இல்லையா? ஊறிய துணியை எடைபோட்டு உலர்ந்த எடையைக் கழியுங்கள்; 1 கிராம் என்றால் 1 மி.லி. 500 மி.லி. வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 300-ஐத் தொட்டு, நாடியும் நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டுதல். மேல் பி.பி. 100-க்குக் கீழே போனாலும் அப்படித்தான்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது, நிற்காவிட்டால் அடுத்தது. அப்படி வேண்டாம். ஒருவர் கருப்பை கல்போல இறுகும்வரை வயிற்றைத் தேய்க்கட்டும். இன்னொருவர், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட்டைச் சலைனில் கலந்து 10 நிமிடத்தில் ஏற்றட்டும். அப்படியே நரம்பில் தள்ளினால் பி.பி. சரியும். கூடவே, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், அதாவது 500 மி.கி. ஆம்பூல் இரண்டு, 10 நிமிடத்தில் மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டிய மருந்து இது. தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கருப்பை சுருங்காது, சிறுநீரை வடிக்கக் கேத்தீட்டர் குழாய் போடுங்கள். கருப்பை இறுகியும் ரத்தம் வழிந்தால் கிழிசலைத் தேடுங்கள். நஞ்சுக்கொடி முழுசா வந்ததா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். 2023-இல் வெளியான நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வில், இப்படி அளந்து, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ததில் கடும் பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன.

ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். உறைந்தாலும் கெடும், வெளியே கிடந்தாலும் கெடும். மேஜைமேல் வெயில்பட்ட ஆம்பூல் பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதானால், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எத்தனை நிமிடம் போகும் என்று உங்களுக்கே தெரியும். டிரிப்ஸ் ஓடிக்கொண்டே போகட்டும், சிஸ்டர் ஒருவர் கருப்பையை விடாமல் அழுத்திப் பிடித்தபடி கூடவே போகட்டும். சீட்டில் எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

மேலே சொன்ன மருந்துகளும் சாமான்களும் ஒரே பெட்டியில் இருக்கட்டும், ஆக்சிடோசின் மட்டும் பிரிட்ஜில். பெட்டிக்குப் பூட்டு போடாதீர்கள். சாவி எப்போதும் வீட்டுக்குப் போன ஷிஃப்ட்காரர் பையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
பிரசவ அறைச் செவிலியர்கள் சிலர்