அந்த 99 பற்றி, மாப்ளைக்கு

மாப்ள,

இன்றோடு 6 வருஷம். அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லத் தேவையில்லை, படிக்கட்டில் விழுந்ததே நீதான். ஆனால் நீ கண்மூடிக் கிடந்தபோது நான் பேசியது உனக்குத் தெரியாது. உன் வீட்டிலும் இதைப் படிப்பார்கள், அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு அங்கே ஷீஷா, அதாவது ஹூக்காப் புகை மட்டும்தான், வேறு எதுவும் இல்லை.

துபாய் தேராவில் ஆகஸ்ட் மாத வெக்கை, வெளியே உட்கார முடியாமல் ஷீஷா கடையில் ஜன்னலெல்லாம் அடைத்த ஏசி ரூமில் உட்கார்ந்தோம். ரெட்டை ஆப்பிள் ஃபிளேவரை இழுத்துவிட்டு, "சோம்பு வாசம்டா, கல்யாணப் பந்தி மாதிரி இருக்கு" என்று சிரித்தாய். கடைப்பையன் மூன்றாவது தடவை கரி மாற்றும்போதே உன் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்திருந்தது, அந்தக் குளிரில். வாயில் எச்சில் ஊறுது, தலை வலிக்குது என்றாய். "முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான், இழு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், எனக்கும் முதல் நாள் குமட்டியது. தண்ணீருக்குள் புகுந்து வரும் புகை என்ன செய்துவிடும் என்றுதானே நம் ரூமில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்?

எமர்ஜென்சியில் உன் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டினார்கள். 99 காட்டியது. எனக்குப் போன உயிர் வந்தது, கூடவே கோபமும். நர்ஸ் சேச்சியிடம், "ஆக்சிஜன் சரியாத்தானே இருக்கு, இவன் நடிக்கிறான்" என்றேன். ஆமாம், வாந்தி எடுத்த சட்டையோடு நீ கிடக்கும்போது. சேச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கப் போய்விட்டார். அப்புறம் டாக்டர்தான் சொன்னார். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடைத் தண்ணீர் பிடித்து வைக்காதாம், அது ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளுமாம், அந்தக் கிளிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம். நான் நம்பிய 99 அதுதான். முகத்தில் மாஸ்க் போட்டு விடிய விடிய ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

மன்னிச்சிடுடா. ஆனால் நீயும் குழாயைக் கீழே வைத்திருக்கலாம், நீ ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. ஊருக்குப் போன் போட்டு "அவன்தான் கூட்டிட்டுப் போனான்" என்றவன், ஆஸ்பத்திரி பில்லைக் கட்டியது யார் என்று சொன்னாயா? பிள்ளையைக் கெடுத்தவன் என்று என் அம்மா கேட்க வேண்டியதாகிவிட்டது. சரி, விடு. காலையில் டாக்சியில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய், கை மரத்துப்போயும் ரூம் வரைக்கும் நான் அசையவில்லை.

போன வாரம் என் ஹூக்காவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். உனக்காக இல்லை, இப்போதெல்லாம் இரண்டு மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. கண்ணாடி ஜாடி மட்டும் மிச்சம், அதில் மணிபிளான்ட் வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். உன் வீட்டுப் பக்கம் வரலாமா, வேண்டாமா, அதை மட்டும் சொல்லு.