ஆங்கிலத் தாளில் காற்புள்ளிக்காகக் குறைக்கப்பட்ட மதிப்பெண் குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வின் ஆங்கிலத் தாளில், விடை சரியாக இருந்தும் காற்புள்ளிக்காக மதிப்பெண் குறைக்கப்பட்டிருப்பதாக உங்களில் சிலர் வருத்தம் தெரிவித்திருந்தீர்கள். மற்ற கேள்விகளில் இத்தகைய பிழைகளை எங்கள் ஆசிரியர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ரிலேட்டிவ் கிளாஸ் (‘ஹூ’, ‘விச்’ போன்ற சொற்களுடன் வந்து, முன்னுள்ள பெயர்ச்சொல்லைப் பற்றிக் கூறும் துணை வாக்கியம்) பற்றிய கேள்வியில் அது இயலாது, ஏனெனில் அங்கே வாக்கியத்தின் பொருளைக் காற்புள்ளியே முடிவு செய்கிறது.

‘தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ கேம் லேட் மிஸ்ட் த பிரேயர்’ என்று காற்புள்ளியின்றி எழுதினால், தாமதமாக வந்த மாணவர்கள் மட்டும் இறைவணக்கத்தைத் தவறவிட்டார்கள் என்று பொருள். இது, யாரைக் குறிக்கிறோம் என்பதை வரையறுக்கும் டிஃபைனிங் வகை. ‘ஹூ கேம் லேட்’ என்பதன் இருபுறமும் காற்புள்ளி இட்டால், அது கூடுதல் தகவலை மட்டும் தரும் நான்-டிஃபைனிங் வகை ஆகி, குறிப்பிட்ட மாணவர்கள் அனைவருமே தாமதமாக வந்தார்கள் என்றாகிவிடும். தமிழில் ‘தாமதமாக வந்த மாணவர்கள்’ என்ற ஒரே பெயரெச்சத் தொடர் இரண்டுக்கும் பொருந்துவதால், தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் இங்கே தடுமாறுவது இயல்பே.

விடைத்தாள்களில் அதிகம் கண்டது வேறொரு பிழை: முதல் காற்புள்ளியை இட்டுவிட்டு, கிளாஸ் முடியும் இடத்தில் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வாக்கியத்தின் நடுவில் வரும்போது இவை இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். நான்-டிஃபைனிங் வகையில் ‘ஹூ’, ‘விச்’ ஆகியவற்றுக்குப் பதிலாகத் ‘தட்’ எழுதுவதும் ஏற்கப்படாது. டிஃபைனிங் வகையில் அது சரியே. ‘த புக் ஐ பாட்’ என்று இணைப்புச் சொல்லையே விட்டு எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது, அது பிழையன்று.

வீட்டில் பயிற்சி தர விரும்புவோர், பிள்ளைகளிடம் ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்து, எழுதியவருக்கு எத்தனை சகோதரர்கள் இருக்கக்கூடும் என்று கேட்டுப் பாருங்கள். காற்புள்ளி இல்லாததால் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள் என்று பிள்ளை சொல்லிவிட்டால், விதியை மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை. (ஒருவரே இருக்கும் தாய், தந்தையைப் பற்றிய வாக்கியங்களில் காற்புள்ளி ஏன் வருகிறது என்பதும் அப்போதே விளங்கிவிடும்.)

விடைத்தாள்கள் வரும் வெள்ளிக்கிழமை மாணவர்களிடம் தரப்படும். மதிப்பெண்ணில் ஐயம் உள்ளவர்கள், விடைத்தாளுடன் அடுத்த வாரம் பள்ளி முடிந்தபின் ஆங்கில ஆசிரியரைச் சந்திக்கலாம்; கூட்டலில் பிழை இருந்தால் உடனே திருத்தித் தரப்படும், காற்புள்ளிக்கான மதிப்பெண் மாற்றப்படாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்