ஜப்பானின் ஷிமானேயில் தனித்திருக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

சேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

உன் கடிதம் கிடைத்தது. தொழிற்சாலையில் வார விடுப்பு சுழற்சி முறையில் வருவதால் ஞாயிறு பெரும்பாலும் வேலைநாளாகவே கழிகிறது என்றும், எப்போதாவது கோவிலுக்குப் போனாலும் ஜப்பானிய மொழிப் பூசையில் மற்றவர்களைப் பார்த்து எழுந்து உட்காருவதைத் தவிர ஒன்றும் ஓடவில்லை என்றும், விடுதியில் சிலுவை அடையாளம் போடுகிற இன்னொரு கை இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். செபம் சொல்கிறேன், ஆனால் ஊரில் இருந்தபோது வந்த உருக்கம் வருவதில்லை என்பதுதான் உன்னை அதிகம் வாட்டுகிறது போலும்.

ஞாயிறு பூசையைப் பற்றிய உன் கலக்கத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தகுந்த காரணத்தால் திருப்பலிக்குப் போக முடியாதவர்கள் தனியாகவோ குடும்பமாகவோ உரிய நேரம் செபத்தில் செலவிடும்படி திருச்சபைச் சட்டம் 1248 பரிந்துரைக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஓடிவரச் சொல்லும் கட்டளை எதுவும் உனக்கு இல்லை. ஆகவே இதைப் பாவமாக எண்ணி மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

உருக்கத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். நீ போய்ச் சேர்ந்திருக்கும் நாடு, குருவானவரே இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விசுவாசத்தைக் காத்தவர்களின் நாடு. நம் கடற்கரைக்கு 1542இல் வந்த சவேரியார்தான் 1549இல் ககோஷிமாவில் இறங்கி அங்கே வேதத்தைத் தொடங்கினார். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1644இல் கடைசிக் குருவான கொனிஷி மான்சியோவும் மறைசாட்சியாக இறந்த பிறகு பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை. கிறிஸ்தவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட ஊர்களில் மக்களை ஆண்டுதோறும் வரிசையில் நிறுத்தி, சேசு அல்லது மாதாவின் உருவத்தை மிதிக்க வைத்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் நாகசாகிப் பக்கத்துக் கிராமத்தார் என்ன செய்தார்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும். ஆளுக்கொரு பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் நாள்காட்டியைக் காத்தார். திருநாள் எது, தவக்காலம் எப்போது, எந்த நாளில் வேலை செய்யக்கூடாது என்று கணித்துச் சொல்வது அவர் கடமை. இன்னொருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். வேறொருவர் செய்தியை வீடு வீடாகக் கொண்டுபோனார். செபங்களை வாய்மொழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லாததால் பாவத்துக்காக மனம் வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப செபத்தைப் பற்றிக்கொண்டார்கள். உருவத்தை மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள் அந்தச் செபத்தைச் சொல்லி அழுதார்கள் என்று படிக்கும்போது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டவருக்காகக் கட்டப்பட்டிருந்த ஊரா கோவிலுக்கு அருகிலிருந்த உராகமி கிராமத்தார் பதினைந்து பேர் அளவில் வந்தார்கள். பீடத்தின் முன் முழந்தாளிட்டிருந்த பிரெஞ்சுக் குரு பெத்தித்ழானை ஒரு பெண் நெருங்கி, எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்றுதான் என்று மெல்லச் சொல்லி, மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். இது பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத இன்னொன்றை அந்தக் குருவே எழுதி வைத்திருக்கிறார். துக்க காலத்தின், அதாவது தவக்காலத்தின், பதினேழாம் நாளில் இருக்கிறோம் என்று அவர்கள் அவரிடம் சொன்னார்களாம். அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் மார்ச் 1. எண்ணிப் பார், கணக்கு நாள் பிசகாமல் வருகிறது. இத்தனை தலைமுறையிலும் எத்தனை பேருக்கு எத்தனை நாள் உருக்கம் வந்தது, எத்தனை நாள் வரவில்லை என்பதற்குப் பதிவு இல்லை. தவக்காலத்து நாளை மட்டும் யாரோ ஒருவர் விடாமல் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

இது நமக்குப் புதிய வழியும் அல்ல. சவேரியார் நம் கரையில் இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஊருக்குப் புறப்படும்போது, திருமுழுக்குக் கொடுக்கவும் செபம் சொல்லித்தரவும் கணக்கப்பிள்ளைகளை நியமித்துவிட்டுப் போனார். சாமியார் இல்லாத நாட்களில் ஊர் தாங்கியது அவர்களால்தான். தனியாக இருப்பதால் அங்கே நாள்காட்டிக்காரரும் நீதான், கணக்கப்பிள்ளையும் நீதான்.

ஆகவே செபத்தை உன் மனநிலைக்கு விட்டுவிடாதே. ஆச்சி சொல்லித்தந்த அதே வார்த்தைகளில், காலையிலும் படுக்கப் போகும் முன்பும், வாய்விட்டுச் சொல். அறையில் ஆள் இருந்தால் உதடு அசைந்தால் போதும். நம் மறைமாவட்ட நாள்காட்டி ஒன்றைத் தபாலில் அனுப்புகிறேன். வேலைச் சுற்று அட்டவணைக்குப் பக்கத்திலேயே மாட்டி வை. எந்தக் கிழமை உனக்கு விடுப்போ, அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை வாசகங்களைத் தமிழில் முழுவதும் படி. வெள்ளிக்கிழமை ஒருசந்தியை உன்னால் முடிந்த அளவு கடைப்பிடி. உணவுக்கூடத்தில் அன்றைக்குக் கறியைத் தவிர்த்தால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை, கேட்டாலும் சொல்லிவிடு.

தனிமையில் ஓர் ஆபத்தும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. திருத்துவதற்கு ஆள் இல்லாமல் செபமும் போதனையும் மெல்ல உருமாறும். ஜப்பானின் இகிட்சுகித் தீவில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களிடம் லத்தீன், போர்த்துகீசிய வார்த்தைகள் தேய்ந்து, பொருள் தெரியாமலே ஓதும் செபங்கள் தங்கின. 1873இல் தடை நீங்கிக் குருக்கள் வெளிப்படையாக வந்த பிறகும், முன்னோர் தந்ததே போதும் என்று ஒரு பகுதியினர் திருச்சபையோடு சேரவில்லை. அவர்கள் பட்ட பாட்டுக்கு முன் நான் தூசு. இருந்தும் அந்த முடிவு எனக்கு வருத்தம்தான். உனக்கு அந்த நிலை இல்லை. ஷிமானே, ஹிரோஷிமா மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. புரியாத மொழியானாலும் மாதம் ஒருமுறையாவது பூசைக்குப் போய், அங்கிருக்கும் குருவிடம் உன் பெயரையும் ஊரையும் சொல்லி வை. ஜப்பானியப் பங்குகளில் இன்று பிலிப்பைன்ஸ், வியட்நாம் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள். உன் தொழிற்சாலையிலேயே இருக்கக்கூடும். 1687இல் டச்சுக்காரர் தடையை மீறி யாழ்ப்பாணம் வந்த யோசேப் வாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைப் பார்த்து முகம் மாறியவர்களை வைத்தே கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். உன் செபமாலையும் பையின் அடியில் கிடக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உன் மாகாணத்திலேயே சுவானோ என்ற சிற்றூர் இருக்கிறது. தடை நீங்குவதற்கு முன், விசுவாசத்துக்காக உராகமியிலிருந்து ஊர் கடத்தப்பட்ட சுமார் 3,400 பேரில் 153 பேரை அங்கே கொண்டுவந்து, விசுவாசத்தை விடச் சொல்லி உறைந்த குளத்தில் இறக்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாசுதாரோ என்பவரை நிமிர்ந்து நிற்கவும் முடியாத கூண்டில் பனியில் போட்டிருந்தார்கள். இரவில் ஒளிந்து பார்க்க வந்த தோழரிடம் அவர், மாதாவின் படத்தில் உள்ளதுபோன்ற ஒரு பெண் இரவுதோறும் வந்து பேசுவதால் தனிமை தெரியவில்லை என்றாராம். ஓதோமே கணவாயில் அந்த இடத்தில் இப்போது ஒரு சிறு மாதா கோவில் நிற்கிறது. ஆண்டுதோறும் மே 3 அன்று ஊர்க்கோவிலிலிருந்து அங்கே பவனி போகிறது. அந்த நாளுக்கு விடுப்பு வேண்டும் என்று இப்போதே மேற்பார்வையாளரிடம் கேட்டு வை. எந்த ரயிலில் போகிறாய் என்று எழுது. இங்கே நாங்களும் அதே நேரத்தில் செபமாலை சொல்கிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்