பாஸ்போர்ட் எதற்கு?

ஐயா, வடகிழக்கு மாநிலத்தவர் அன்றாடம் சந்திக்கும் இனவெறி பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். வசைச்சொல்லும் அடிதடியும் மட்டுமே இனவெறி என்று நினைக்கிறோம். முகத்தைப் பார்த்ததும் ‘நீ எந்த நாடு?’ என்று கேட்பதும் இனவெறிதான். எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு தேடி வந்த மணிப்பூர்ச் செவிலியர் ஒருவர் வாக்காளர் அட்டையைக் காட்டினார். அதன் பிறகும் வீட்டு உரிமையாளர் பாஸ்போர்ட் கேட்டார்! அருகில் நின்ற நானும் அன்று வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இத்தகைய அவமதிப்பைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்று வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு 2014-லேயே பரிந்துரைத்தது. சட்டம் வரும்போது வரட்டும். அம்மக்களின் மொழி, உணவு, வரலாறு பற்றிய முழுப் பாடம் ஒன்றை அடுத்த கல்வியாண்டிலேயே பள்ளிப் பாடநூலில் தமிழக அரசு சேர்க்க வேண்டும்.

– வாசகர், வேளச்சேரி