வெறும் பேச்சு என்று சொன்ன தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சனிக்கிழமைகளில் நாம் பெண்கள் கூடி வாசிக்கும் குழுவுக்கு உன்னைக் கூப்பிட்டதற்குப் பதிலாகப் போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். "அங்க வந்து என்னக்கா ஆகப்போகுது, வெறும் பேச்சுதானே? உலகத்துல நடக்கிறதைப் பார்த்தாலே பயமா இருக்கு. நாம உட்கார்ந்து பேசினா மாறிடுமா?" என்று கேட்டிருந்தாய். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. உடனே போன் செய்திருக்கலாம். நேரில் பேசினால் உன்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்ப்பேன், அதனால் எழுதுகிறேன்.

பயம் பற்றி நீ சொன்னது சரி. ராத்திரி 11 மணிக்குத் தனியாகப் படுத்துக்கொண்டு போர், வெள்ளம், எங்கோ ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை என்று போனில் தள்ளிக்கொண்டே போனால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். எனக்கும் அடைத்திருக்கிறது. அதே செய்தியைப் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தால் யாராவது ஒருத்தி, "இது எனக்கும் நடந்திருக்கு" என்பாள். அதற்குப் பிறகு அது செய்தியாக இருப்பதில்லை.

நீ வராத ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அன்று வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கையை எடுத்து வைத்துக்கொண்டோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேற்றியது, எண் 189. பல நாடுகளின் வீட்டுப் பணியாளர்களே அந்த மாநாட்டுக்குப் போய்த் தங்களுக்காகப் பேசினார்கள். வாசித்துக்கொண்டே வந்தபோது, வாரத்தில் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு என்ற வரி வந்தது. நான்கு வீடுகளில் வேலை செய்யும் அக்கா நம் குழுவில் உண்டே, எப்போதும் கதவோரமாகவே உட்காருவாரே, அவர் கையைத் தூக்கினார்.

"அந்த வரியை இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"தொடர்ச்சியாவா?"

ஆமாம் என்றேன். விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். 17 வருஷத்தில் அப்படி ஒரு நாள் தனக்கு வாய்த்ததே இல்லை என்றார். அழவில்லை. தாளைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த உடன்படிக்கையை ஏற்காத நாடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. தாளைக் காட்டியதும் யாரும் லீவு கொடுத்துவிட மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள் ஓய்வு கேட்பது பேராசை என்று அத்தனை வருஷம் நம்பியிருந்தாரே, அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டார். மூன்று வீடுகளில் வார விடுமுறை கிடைத்தது. ஒரு வீட்டில் வேலையே போய்விட்டது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வேறு வேலை அமையும்வரை குழுவில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சமாளித்தோம். இப்போது அவர் கதவோரம் உட்காருவதில்லை.

வெறும் பேச்சு என்று நீ சொன்னதும் எனக்கு அர்ஜென்டினாவின் அம்மாக்கள்தான் ஞாபகம் வந்தார்கள். 1976-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் போனார்கள், பெரும்பாலும் இளையவர்கள். காவல் நிலையம், அமைச்சகம் என்று வாசல் வாசலாகப் பிள்ளைகளைத் தேடி அலைந்த அம்மாக்கள், காத்திருந்த இடங்களில்தான் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று 14 பேர் புவெனஸ் ஐரிஸின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். நகர்ந்தார்கள், சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி. பிறகு வாராவாரம், வியாழக்கிழமைகளில். அவர்களை முன்னின்று கூட்டிய அசுசேனா வில்லாஃப்லோரை அதே ஆண்டு டிசம்பரில் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். மற்றவர்கள் நடப்பதை விடவில்லை.

அவர்களுக்குள்ளேயே பாட்டிகள் சிலர் சேர்ந்து இன்னொரு குழுவானார்கள். எனக்கு மறக்கவே முடியாதது அவர்கள் கதைதான். கர்ப்பிணிகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட பெண்களுக்குச் சிறையில் பிறந்த குழந்தைகளை வேறு ஆட்களிடம், வேறு பெயரில் கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இது என் பேரக்குழந்தைதான் என்று எதை வைத்து நிரூபிப்பது? ரத்தப் பரிசோதனையில் தந்தை யாரென்று கண்டுபிடிக்கலாம் என ஒரு செய்தித்தாளில் படித்தார்கள். அப்படியானால் தாத்தா பாட்டியின் ரத்தம் போதுமா? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் போனார்கள். கடைசியில் அமெரிக்காவில் மேரி-கிளேர் கிங் உள்ளிட்ட மரபியலாளர்கள் அதற்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். 1984-ல் அந்த முறையில் முதல் குழந்தையின் அடையாளம் உறுதியானது. அடுத்து மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ துணைக்கு வந்தது. அது தாய்வழியில் மட்டுமே இறங்கி வருவது. அம்மாவைப் பெற்ற பாட்டியிடம் இருப்பதுதான் பேத்தியிடமும் பேரனிடமும் இருக்கும். நடுவில் அம்மா இல்லாமல் போனாலும் அந்த இழை அறுவதில்லை. 1987-ல் இதற்கென்றே தேசிய மரபணு வங்கி ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்துக்கே புதிதாக இருந்த ஒரு கேள்வி, வரிசையில் நின்று பேசிக்கொண்ட பெண்களிடமிருந்து வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இப்படிக் கூடிப் பேசுவதும் கேட்பதும் படித்தவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. கென்யாவின் வங்காரி மாத்தாய் கால்நடை உடற்கூறியலில் முனைவர் பட்டம் பெற்றவர். விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால்தான் 1977-ல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். 2004-ல் வந்த அமைதி நோபலுக்கு அந்த இயக்கம்தான் அடித்தளம்.

நாலு பெண்கள் கூடினாலே ஞானம் வந்துவிடும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஒருத்தி உடுத்துவதையும் சிரிப்பதையும் அளந்துகொண்டே இருக்கும் கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். அங்கிருந்து வீட்டுக்கு வரும்போது போனதைவிடக் குறுகிப்போய்த்தான் வந்தேன். நீ முன்பு போன இடத்தில் உனக்கு அப்படித்தான் நடந்தது, தெரியும். ஒரு கூட்டம் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் சின்னது. "எனக்குத் தெரியல, சொல்லுங்க" என்று ஒருத்தி கூச்சமில்லாமல் அங்கே சொல்ல முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

உன் பதிவின் கடைசியில் ஒன்றைப் போகிற போக்கில் சொன்னாய். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது உன் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, சம்பளம் குறைந்த இடத்தில் உன்னை உட்கார வைத்துவிட்டார்கள் என்று. "என் நேரம் அப்படி" என்று முடித்துக்கொண்டாய். அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ல் கொண்டுவந்த பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 183, குறைந்தது 14 வாரம் விடுப்பு என்கிறது. திரும்பி வருகிறவளுக்கு அதே பொறுப்பு, இல்லையென்றால் அதற்கு இணையான பொறுப்பு, அதே சம்பளத்தில் என்றும் எழுதியிருக்கிறது. உன் நேரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வரும் சனிக்கிழமை அதை வாசிக்கலாமா என்று குழுவில் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருத்திக்கு இது நடந்து 6 வருஷம் ஆகிறதாம், வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லையாம். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பி வந்து என்னிடம் கேட்டாள், "அந்தப் பொண்ணு சனிக்கிழமை வருவாங்களாக்கா?"

அவளுக்கு என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
அக்கா