ஐந்து வருஷம் வந்தவர் விருந்தாளியா? எம்மி விருதுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி அகாதமியின் ஆளுநர் குழுவினருக்கு,
நார்த் ஹாலிவுட், லாஸ் ஏஞ்சலிஸ்.

வணக்கம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எங்கள் பழமொழி. நான்காம் நாளும் ஒருவர் கிளம்பவில்லை என்றால் அவர் வீட்டு ஆள். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்து போய் மொண்டு குடித்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சைன்ஃபெல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் நாயகனின் நண்பன் ஜார்ஜின் அப்பா ஃபிராங்க் கோஸ்டான்சாவாக ஜெர்ரி ஸ்டில்லர் 1993 முதல் 1998 வரை வந்து வந்து கத்திவிட்டுப் போனார். 1997-ல் அவர் பெயர் உங்கள் எம்மி தொலைக்காட்சி விருதுக்கான பரிந்துரையில் வந்தது. எந்தப் பிரிவில்? 'விருந்தினர் நடிகர்'. அதுவும் கிடைக்கவில்லை. அந்த வருஷம் 'மேட் அபவுட் யூ' தொடருக்காக மெல் புரூக்ஸ் வாங்கிக்கொண்டு போனார். அவர் வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த 'விருந்தினர்' என்ற சொல்தான் உறுத்துகிறது.

நான் உங்கள் உறுப்பினன் இல்லை, எனக்கு ஓட்டும் கிடையாது. 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் இந்தத் தொடர் வந்தபோது இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பகுதி என்று ஆரம்பித்தவன். மொத்தம் 180 பகுதி. இப்போது மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றில் ஜெர்ரி, ஜார்ஜ், எலெய்ன், கிரேமர் என்ற நான்கு நண்பர்களைத்தான் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த நால்வரும் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் கதவுப் பக்கம் போய்விடுகிறது. இன்றைக்குத் தபால்காரன் நியூமன் வருவானா, ஜெர்ரியின் லியோ மாமா எதிர்ப்படுவாரா, ஃபிராங்க் கத்துவாரா என்று காத்திருக்கிறேன்.

இங்கேதான் உங்கள் பிரிவுகள் எனக்குக் குழப்பமாக இருக்கின்றன. 'துணை நடிகர்' என்றால் எங்கள் சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவரையும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். உங்கள் ஊரில் அது தொடரின் தொடக்கத்திலேயே பெயர் போடப்படுகிறவர்களுக்குப் போகிறது. கிரேமராக நடித்த மைக்கேல் ரிச்சர்ட்ஸ் துணை நடிகர் என்று 1993, 1994, 1997 என மூன்று எம்மி வாங்கினார். எலெய்னாக நடித்த ஜூலியா லூயி-டிரைஃபஸுக்கு 1996-ல் துணை நடிகை விருது. ஜார்ஜாக நடித்த ஜேசன் அலெக்ஸாண்டர் தொடர்ந்து ஏழு முறை அதே பிரிவில் பரிந்துரைக்கப்பட்டு ஒரு தடவைகூட வாங்கவில்லை. (அந்த ஏழில் மூன்று முறை பக்கத்து நாற்காலிக்காரரிடமே தோற்றார். ஜார்ஜ் என்ற பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி அமையாது.) 'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் இன்னும் வேடிக்கை. ஆறு பேரும் நாயகர்கள், ஆனால் ஆறு பேருமே பல வருஷம் துணைப் பிரிவில்தான் நின்றார்கள்.

சரி, நாயகர்கள் எல்லாம் துணை என்றால், உண்மையான துணை எங்கே போவது? விருந்தினர் பிரிவுக்கு. அங்கேயும் யார் கண்ணில் பட்டார்கள் என்று பாருங்கள். 1993-ல் பில் எர்வின், ஒரே பகுதியில் வந்த சிடுசிடுப்புக் கிழவர். 1996-ல் லாரி தாமஸ், சூப் கடைக்காரர். இருவருமே பரிந்துரைக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் ஒரு நாள் வந்து கலக்கிவிட்டுப் போகிறவர் சட்டென்று கண்ணில் படுகிறார், வருஷக்கணக்கில் வந்து வந்து வீட்டுச் சாமான்போல ஆகிவிட்டவர் படுவதில்லை. நியூமனாக நடித்த வெய்ன் நைட்டுக்கு இந்தத் தொடருக்காக ஒரு பரிந்துரைகூட இல்லை. லியோ மாமா லென் லெஸ்ஸருக்கு இல்லை. ஜார்ஜின் அம்மா எஸ்டெல் ஹாரிஸுக்கும் இல்லை.

பில் எர்வின் வந்த அதே பகுதியை ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்கள். அதில் ஜார்ஜ் நியூமனிடம் விசாரிக்கிறான்: தபால்காரர்களுக்கு ஏன் திடீர் திடீரென்று வெறி பிடிக்கிறது? நியூமன் முதலில் சாதாரணமாகத்தான் பதில் சொல்ல ஆரம்பிக்கிறான். தபால் நிற்பதே இல்லை என்கிறான். அப்புறம் குரல் ஏறுகிறது. வந்துகொண்டே இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது, எவ்வளவு அனுப்பினாலும் அதற்கு மேல் வந்து குவிகிறது. அந்த நேரம் பார்த்து பார்கோடு இயந்திரமும் கெட்டுப்போகிறது. கண் விரிந்து முகம் சிவந்து, ஒரு குண்டு மனிதன் கடிதங்களுக்கடியில் மூழ்குவது நம் கண்முன்னே நடக்கிறது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அலுவலகத்தில் மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

நியூமன் பிறந்ததே ஒரு குரலாகத்தான். 1991-ல் முதலில் அவன் வந்தபோது ஆளே கிடையாது, சத்தம் மட்டும். அதையும் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட்டே பேசினார். மறுஒளிபரப்புக்காகப் பிற்பாடு வெய்ன் நைட்டின் குரலை அதில் ஏற்றினார்கள். ஒரு வசனத்துக்காக உண்டானவன் கடைசியில் ஜெர்ரியின் பரம எதிரி ஆகிவிட்டான். ஏன் எதிரி என்று தொடர் கடைசிவரை ஒழுங்காக விளக்கவே இல்லை. கதவைத் திறந்ததும் ஜெர்ரி பல்லைக் கடித்துக்கொண்டு "ஹலோ, நியூமன்" என்கிறான், அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை வருஷத்துப் பகை இருக்கிறது என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

லியோ மாமாவைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அவர் ஜெர்ரியின் அம்மா ஹெலனின் உடன்பிறந்தவர். எங்கள் கணக்கில் தாய்மாமன். தாய்மாமனைத் தெருவில் கண்டும் காணாமல் போகிற மருமகனின் குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லியோ "ஜெர்ரி! ஹலோ!" என்று கூவிக்கொண்டு வருவார். பேசும்போது கையைப் பிடித்துக்கொள்வார், விடமாட்டார். பூங்காத் துறையில் வேலை பார்க்கும் மகன் ஜெஃப்ரியின் பெருமையைச் சொல்வார். ஹாம்பர்கர் கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டால் சமையல்காரன் யூத விரோதி என்பார். எனக்கும் அப்படி ஒரு மாமா உண்டு. கல்யாண மண்டபத்தில் மணிக்கட்டைப் பிடித்தாரென்றால் இரண்டாம் பந்தி முடிந்து மூன்றாம் பந்திக்கு இலை போடுகிறவரை விடமாட்டார். லென் லெஸ்ஸர் 2011-ல் காலமானார். அவர் முகத்தை இப்போது பார்க்கும்போது ஜெர்ரி இன்னும் ஒரு நிமிஷம் நின்று பேசியிருக்கலாம் என்று தோன்றுகிறது. எங்கள் மாமா விஷயத்திலும் அப்படித்தான்.

இப்போது ஃபிராங்க். அந்தப் பாத்திரத்தை முதலில் செய்தவர் ஜான் ராண்டால்ஃப். ஸ்டில்லர் வந்தபோதும் அவரிடம் சொல்லப்பட்டது மனைவியிடம் அடங்கி நடக்கும் சாதுவான கணவன் என்றுதான். எஸ்டெல் கத்துவாள், இவர் பம்முவார். ஒத்திகையில் அது எடுபடவில்லை. ஸ்டில்லர் ஒரு கட்டத்தில் திருப்பிக் கத்தினார். அன்றைக்குத்தான் ஃபிராங்க் பிறந்தார். ராண்டால்ஃப் நடித்த காட்சிகளைக்கூட மறுஒளிபரப்புக்காக ஸ்டில்லரை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். ஒருவர் கத்தியதால் ஏற்கெனவே ஒளிபரப்பானதையே மாற்றி எடுத்திருக்கிறார்கள். நீங்கள் அவரை விருந்தினர் என்கிறீர்கள்.

1997 டிசம்பரில் வந்த பகுதியில் ஃபிராங்க் கிரேமரிடம் ஃபெஸ்டிவஸ் என்ற தன் சொந்தப் பண்டிகை உண்டான கதையைச் சொல்வார். மகனுக்கு ஒரு பொம்மை வாங்கப் போகிறார். அதே பொம்மைக்கு இன்னொருவனும் கை நீட்டுகிறான். அவனை அடித்துத் துவைக்கும்போது, இதற்கு வேறு வழி இருக்க வேண்டும் என்று ஞானம் பிறக்கிறது. பொம்மை என்ன ஆனது? நாசமாகிவிட்டது. அப்படி என்ன பெரிய பொம்மையாக இருந்தது அது என்பதுபோல் கிரேமர் ஆச்சரியப்பட, ஃபிராங்க் எங்கோ பார்த்துக்கொண்டு, ஆமாம், 'அவள்' அப்படித்தான் இருந்தாள் என்கிறார். கிரேமருக்கு 'அது', இவருக்கு 'அவள்'. கத்துவதற்குப் பெயர்போன மனிதர் இங்கே குரலைத் தாழ்த்துகிறார். நான் விழுந்து விழுந்து சிரித்தது அவர் கத்திய இடங்களில் இல்லை, இங்கேதான். இந்தப் பண்டிகை எழுத்தாளர் டான் ஓகீஃபின் வீட்டில் அவருடைய அப்பா உண்மையாகவே நடத்தியது என்று பிறகு தெரிந்தபோது, உலகத்தில் எத்தனை ஃபிராங்குகளோ என்று நினைத்துக்கொண்டேன்.

சூப் கடைக்காரரை எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. ஜார்ஜ் தனக்கு மட்டும் ரொட்டி வரவில்லை என்கிறான். ரொட்டி 2 டாலர். மற்றவர்களுக்குச் சும்மாதானே கொடுத்தீர்கள்? 3 டாலர். என்னது? சூப்பே கிடையாது, போ. பேரம் பேசப் பேச விலை ஏறுகிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாபு பட் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். 1991-ல் ஜெர்ரியின் வீட்டுக்கு எதிரே ஆள் வராத உணவகம் நடத்தும் பாகிஸ்தானியர். ஜெர்ரி நல்லவனாகத் தெரியவேண்டும் என்ற ஆசையில், பாகிஸ்தான் சாப்பாடு மட்டும் போடுங்கள் என்று யோசனை சொல்கிறான். கடை மூழ்குகிறது. 1993-ல் பாபுவின் விசா புதுப்பிக்கும் கடிதம் ஜெர்ரியின் தபால் பெட்டிக்குப் போய் மாட்டிக்கொள்ள, ஆளையே நாடு கடத்திவிடுகிறார்கள். அந்த உச்சரிப்பையும் ஆட்டுகிற விரலையும் வைத்துச் சிரிக்க வைத்தது இன்றைக்குக் கொஞ்சம் நெருடுகிறது. ஆனால் காலியான மேசைகளுக்கு நடுவே பிரையன் ஜார்ஜ் நம்பிக்கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த முகத்தில் கேலி இல்லை. கடை போட்டு நஷ்டப்பட்ட எவருக்கும் அந்த முகம் தெரியும்.

1998 மே 14 அன்று கடைசிப் பகுதி வந்தது. அமெரிக்காவில் 7 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தார்கள், பல பேர் திட்டித் தீர்த்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஆபத்தில் இருந்தவனுக்கு உதவாமல் கேலி பேசிக்கொண்டு நின்ற குற்றத்துக்காக நால்வரும் கூண்டில் ஏறுகிறார்கள். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் யார்? ஜெர்ரியிடம் ரொட்டியைப் பறிகொடுத்த கிழவி, நோயால் பிளாஸ்டிக் குமிழிக்குள் வாழும் பையன், சூப் கடைக்காரர், பாகிஸ்தானிலிருந்து பாபு. ஒன்பது வருஷமாக மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம் என்று வந்து போனவர்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறார்கள். கதையை எழுதிய லாரி டேவிட்டுக்குத் தெரிந்திருக்கிறது இந்த வீட்டைத் தாங்கியது யார் என்று. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

என் கோரிக்கை பெரிதில்லை. விருந்தினர் என்றால் ஒரு பருவத்தின் (சீசன்) பகுதிகளில் பாதிக்குக் குறைவாக வருகிறவர் என்று 2015-ல் நீங்களே ஒரு கோடு போட்டீர்கள். நல்லது, எண்ணத் தெரிகிறது. இன்னும் ஒரு எண்ணிக்கை சேருங்கள். பாதிக்குக் குறைவாக, ஆனால் மூன்று பருவங்களிலாவது வந்தவர்களுக்குத் தனியாக ஒரு பிரிவு. எங்கள் ஊரில் 'குணச்சித்திர நடிகர்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விருதை, விருந்தினர் விருதுகளைக் கொடுப்பதுபோல் முன்கூட்டியே வேறொரு நாள் நடக்கிற விழாவில் கொடுத்து முடித்துவிடாமல், முக்கிய இரவில், நேரலையில் கொடுங்கள். ஏற்புரை நீண்டுவிடும் என்ற பயம் வேண்டாம். மூன்று நிமிஷத்துக்குள் முடிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது. ஜெர்ரியின் அப்பாவாக நடித்த பார்னி மார்ட்டின் 2005-லேயே போய்விட்டார். ஸ்டில்லர் 2020 மே மாதம். எஸ்டெல் ஹாரிஸும், ஜெர்ரியின் அம்மா லிஸ் ஷெரிடனும் 2022 ஏப்ரலில் இரண்டு வார இடைவெளியில் அடுத்தடுத்துப் போனார்கள். வெய்ன் நைட் இருக்கிறார்.

ஃபெஸ்டிவஸ் அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வருஷம் முழுக்க யார் யார் நம்மை ஏமாற்றினார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்பது ஃபிராங்க் வகுத்த சடங்கு. டிசம்பர் 23 வரை பொறுக்க முடியாமல் இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாவது சுற்றில் இருக்கும் ஒரு ரசிகன்

பின்குறிப்பு: இதைத் தபாலில்தான் அனுப்புவதாக இருந்தேன். நியூமன் பட்டுவாடா செய்யாத கடிதங்களை மூட்டை மூட்டையாக ஜெர்ரியின் சேமிப்பு அறையில் ஒளித்துவைத்த பகுதியை நேற்று பார்த்தேன். அதனால் திறந்த மடலாகவே போட்டுவிட்டேன்.